ரம்பம் முகத்துக்கு நேராக எகிறியது, நான் செய்த தப்பு என்ன?

புதுக்கை:
வணக்கம். செயின் சா வாங்கி ஒரு மாதம் ஆகிறது. பெட்ரோல் மெஷின், பார், அதாவது செயின் ஓடும் நீளத் தகடு, 16 அங்குலம். காற்றில் சாய்ந்து விழுந்த பெரிய மரம் ஒன்று தோட்டத்தில் கிடக்கிறது. அதைத் துண்டு போடத்தான் வாங்கினேன். முந்தாநாள் நடந்ததைச் சொல்கிறேன்.

தொடையளவு கனமுள்ள கிளையை மேலிருந்து கீழாக அறுத்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி அறுத்திருப்பேன். திடீரென்று யாரோ கையிலிருந்து பிடுங்கியதுபோல் ரம்பம் மேலே எழும்பி முகத்தை நோக்கி வந்தது. 'டக்'கென்று ஒரு சத்தம், செயின் நின்றுவிட்டது. பார் என் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது. நான் எதையும் தடுக்கவில்லை, தடுக்க நேரமே இல்லை. அப்படியே வைத்துவிட்டு வந்தவன் இன்னும் தொடவில்லை.

பிறகு போய்ப் பார்த்தபோது, அறுத்த கிளைக்குப் பின்னால் இலைக்குள் மறைந்து இன்னொரு கிளை இருந்தது தெரிந்தது. அதனால் வந்ததா? செயின் மழுங்கிவிட்டதா? மெஷினிலேயே கோளாறா? பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மரங்கொத்தி:
முதலில், முழுசாக வந்து எழுதுகிறீர்களே, நல்லது.

மெஷினில் கோளாறு இல்லை. சொல்லப்போனால் உங்களைக் காப்பாற்றியதே அதுதான். நீங்கள் கேட்ட அந்த 'டக்' செயின் பிரேக் விழுந்த சத்தம். நடந்ததற்குப் பெயர் கிக்பேக்.

பாரைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். அதன் நுனி, அதாவது மூக்கு, அரைவட்டமாக இருக்கும். அந்த அரைவட்டத்தின் மேல்பாதிதான் எமன். செயின் பாரின் மேல்பக்கத்தில் உங்களைவிட்டு வெளியே ஓடுகிறது, மூக்கில் திரும்பி, கீழ்ப்பக்கத்தில் உங்களை நோக்கி வருகிறது. மூக்கின் மேல்பாதியில் திரும்பும் இடத்தில் ஒரு பல் மரத்தைக் கவ்வினால் அதனால் அறுத்துக்கொண்டு போக முடியாது, மாட்டிக்கொள்ளும். பல் நின்றாலும் என்ஜின் நிற்காதே. பல்லை இழுத்த அந்த வேகம் முழுவதும் பாரைத் தூக்கிப் பின்னால் வீசிவிடும். முழு வேகத்தில் செயின் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கும் மேல். ரம்பம் எகிறி முகத்துக்கு வர நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கண் பார்த்து, மூளை சொல்லி, கை அசைய அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் வேண்டும். 'உஷாராக இருந்தால் தடுத்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எகிறிய பிறகு செய்ய ஒன்றுமில்லை. எகிறுவதற்கு முன் மூக்கு எங்கே இருக்கிறது, உங்கள் உடம்பு எங்கே இருக்கிறது, கை எப்படிப் பிடித்திருக்கிறது, இவ்வளவுதான் உங்கள் வசம்.

உங்கள் விஷயத்தில் மூக்கு பின்னால் இருந்த கிளையைத் தொட்டிருக்கிறது. விழுந்த மரத்தில் கிளை கழிக்கும்போதுதான் இது அதிகம் நடக்கும், ஏனென்றால் மூக்கு எப்போதும் இலைக்குள்ளே மறைந்திருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் பார் முடியும் இடத்தைக் கண்ணால் பாருங்கள். இலையும் சுள்ளியும் மறைத்தால் முதலில் அதை அரிவாளால் கழித்துவிடுங்கள்.

ஒரு கேள்வி. இடது கைக் கட்டைவிரல் எங்கே இருந்தது? முன்கைப்பிடியைச் சுற்றியா, மற்ற விரல்களோடு மேலேயா?

புதுக்கை:
மேலே. சுற்றிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது.

மரங்கொத்தி:
அப்படியானால் தப்பியது உங்கள் அதிர்ஷ்டம். கட்டைவிரல் கீழே சுற்றி இருந்தால்தான் கைப்பிடி கைக்குள் நிற்கும். மேலே இருந்தால் எகிறும்போது நழுவி, அந்தக் கை நேரே செயின் மேல் போகும். வலிக்கிறது என்றால் இறுக்கிப் பிடிக்கிறீர்கள், அல்லது முழங்கையை மடக்கிக்கொண்டு குனிந்து வேலை செய்கிறீர்கள். இடது கை ஏறக்குறைய நேராக இருக்கட்டும். கால் தோள் அகலத்துக்கு விரிந்து, இடது கால் கொஞ்சம் முன்னால். தலையும் கழுத்தும் பாரின் நேர்க்கோட்டுக்கு மேலே இருக்கவே கூடாது, ஒரு பக்கமாக விலகி நில்லுங்கள். எகிறினால் தோளைத் தாண்டிப் போகும், முகத்துக்கு வராது.

கிழட்டுப்புலி:
எல்லோரும் சேர்ந்து பையனைப் பயமுறுத்துகிறீர்கள். நான் 25 வருஷமாக மரம் அறுக்கிறேன். ஆரம்பத்தில் ஓட்டிய மெஷினில் பிரேக் என்ற சமாசாரமே கிடையாது. ஹெல்மெட் கிடையாது, செயின் காலை அறுக்காமல் இருக்கப் போடுகிற அந்தக் கனத்த பேன்ட் கிடையாது, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலை. கைப்பழக்கம்தான் பாதுகாப்பு. பயந்துகொண்டு ஓட்டுகிறவனுக்குத்தான் அடிபடும். இதையும் எழுதிவைத்துக்கொள் தம்பி.

கட்டுத்துணி:
புலி ஐயாவுக்கு வணக்கம். உங்கள் கைப்பழக்கத்தை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அடிபட்டவர்கள் இணையத்தில் வந்து எழுத மாட்டார்கள், எங்கள் அவசரப் பிரிவுக்குத்தான் வருவார்கள். அவர்களிலும் கைப்பழக்கம் உள்ளவர்கள் உண்டு.

கத்திக் காயமும் இந்தக் காயமும் ஒன்றல்ல. கத்தி கீறும். கீறிய இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்துவிடலாம். செயின் சதையை அள்ளிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு பல்லும் ஒரு துணுக்கு எடுக்கும், அதோடு மரத்தூளையும் எண்ணெயையும் உள்ளே திணிக்கும். சேர்த்துத் தைக்க ஓரமே இருக்காது. அதிகம் படுவது கால், குறிப்பாக இடது தொடையும் முழங்காலும். அடுத்தது இடது கை. எகிறியதில் வருபவை கழுத்திலும் முகத்திலும் இருக்கும். எண்ணிக்கையில் அவை குறைவு, ஆனால் அவர்களில் சிலர் எங்களிடம் வந்து சேர்வதே இல்லை.

ஆகவே இரண்டு விஷயம். தனியாக அறுக்காதீர்கள். குரல் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும், அவரிடம் நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பதை ஆம்புலன்சுக்கு எப்படிச் சொல்வது என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். அடுத்தது, கனமான கட்டுத்துணி உடம்பிலேயே இருக்க வேண்டும். வண்டியில் இருக்கும் முதலுதவிப் பெட்டி ரத்தம் கொட்டும்போது ரொம்பத் தூரம். காயத்தின் மேலேயே துணியை வைத்து முழு பலத்தோடு அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்று. கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காமல் பீய்ச்சி அடித்தால் காயத்துக்கு மேலே, உடம்புப் பக்கமாக, நான்கு விரல் தள்ளி இறுக்குப்பட்டை போட்டு, போட்ட நேரத்தைக் குறித்துவையுங்கள். மூட்டின் மேல் போடக்கூடாது. சணல் கயிறு, கம்பி எதையும் கட்டாதீர்கள், அது சதையை அறுக்கும்.

நிழல்தேடி:
அந்தப் பேன்ட் உண்மையிலேயே செயினை நிறுத்துமா? துணிதானே?

அரமும்_ரம்பமும்:
துணிதான், ஆனால் அது செயினைத் தடுப்பதில்லை, செயினுக்குத் தன்னையே தின்னக் கொடுக்கிறது. மேல்துணி கிழிந்ததும் உள்ளே இருக்கும் நீள நீளமான இழைகளைப் பல் உருவி இழுத்துக்கொண்டு போய் ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிவிடும். பற்சக்கரம் அடைத்து செயின் நின்றுவிடும். பல்லின் வேகத்துக்கு ஏற்ற வகுப்புகள் உண்டு. 1ஆம் வகுப்பு நொடிக்கு 20 மீட்டர், 2ஆம் வகுப்பு 24, 3ஆம் வகுப்பு 28 மீட்டர் வேகத்தில் சோதித்தது. உங்கள் மெஷின் 25 மீட்டரில் ஓடினால் 1ஆம் வகுப்பு பேன்ட் முழு வேகத்தில் கடித்த செயினை நிறுத்தும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனாலும் பெரும்பாலும் கால் மேல் படுவது, விரலால் அழுத்தும் விசையை விட்டபிறகு சுழன்று ஓய்ந்துகொண்டிருக்கும் செயின். அப்போது அதுவே போதும். ஒருமுறை அறுபட்ட பேன்ட் அவ்வளவுதான். தைத்து மறுபடி போடக்கூடாது, தையல் போட்ட இடத்தில் இழை உருவி வராது.

இதில் இன்னொரு சங்கதி, பலர் கவனிக்காதது. மோட்டாரில் ஓடும் ரம்பத்துக்கு, கரண்டோ பேட்டரியோ, இந்த இழை வித்தை அதே அளவு நம்பகமானதில்லை. பெட்ரோல் என்ஜின் சிக்கினால் அமுங்கும். மின்மோட்டார் சிக்கினாலும் முறுக்கிக்கொண்டே இருக்கும்.

நிழல்தேடி:
நான் பேட்டரி ரம்பம்தான் வைத்திருக்கிறேன். சத்தமில்லை, புகையில்லை, அதனால் ஆபத்தும் குறைவு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரமும்_ரம்பமும்:
காதுக்கும் நுரையீரலுக்கும் நல்லது, ஒப்புக்கொள்கிறேன். பெட்ரோல் மெஷின் 100 டெசிபலுக்கு மேல் கத்துகிறது. 85ஐத் தாண்டினாலே நாள்முழுக்கக் கேட்கும் காதுக்குக் கேடு. ஆனால் மூக்கு மரத்தைத் தொட்டால் அதுவும் அப்படியேதான் எகிறும். அதோடு ஒரு தனி ஆபத்து: சத்தமில்லாததால் அது 'ஆன்'ல இருக்கிறதென்றே மறந்துபோகிறது. பெட்ரோல் மெஷின் தூங்கினாலும் குறட்டை விடும், இது கண்ணைத் திறந்துகொண்டு சும்மா கிடக்கும். செயினைத் தொட, இறுக்க, எண்ணெய் ஊற்ற, எதற்கானாலும் முதலில் பேட்டரியைக் கழற்றிக் கீழே வையுங்கள்.

புதுக்கை, உங்களுக்கு. நடந்தது நடந்துவிட்டது, இனி மெஷினைத் தொடுமுன் பிரேக்கைச் சோதியுங்கள். தரையில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, முழு விசை கொடுத்து, இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்காமல் மணிக்கட்டைச் சாய்த்து முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் காவலைத் தள்ளுங்கள். செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். இழுத்துக்கொண்டு போய் நின்றால் பிரேக் பட்டை தேய்ந்திருக்கிறது அல்லது உள்ளே எண்ணெய்த் தூள் அடைத்திருக்கிறது. நின்றதும் விசையை விட்டுவிடுங்கள், பிரேக்கோடு முறுக்கினால் கிளட்ச் கருகும். அப்புறம் என்ஜினை அணைத்துவிட்டு இன்னொரு சோதனை. மரத்தூர் ஒன்றுக்கு மேலே முழங்கை உயரத்தில் மெஷினைப் பிடித்து, முன்கைப்பிடியில் இருக்கும் கையை மட்டும் விடுங்கள். மூக்கு தூர்மேல் விழுந்து மோதும்போது பிரேக் தானாக விழ வேண்டும். உங்களைக் காப்பாற்றியது இந்தத் தானியங்கி வேலைதான்.

விசையை விட்டதும் செயின் நின்றுவிடுகிறதா என்றும் பாருங்கள். ஐட்லிங்கில் செயின் மெல்ல நகர்ந்தால் ஐட்லிங் அதிகமாக வைத்திருக்கிறது, அல்லது கிளட்ச் ஸ்பிரிங் போய்விட்டது. அதைச் சரிசெய்யாமல் ஓட்டக்கூடாது.

கிழட்டுப்புலி:
மழுங்கிய செயினைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே. அதுதான் அய்யா எல்லாத்துக்கும் மூலம். நல்ல செயின் தன் கனத்திலேயே மரத்துக்குள் இறங்கும். மழுங்கிவிட்டால் நீ அழுத்துவாய், அழுத்தினால் கை அசரும், அசந்த கை மூக்கை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று உனக்கே தெரியாது. வருவது சிராயா தூளா என்று பார்த்தாலே போதும். சிராய் வந்தால் அறுக்கிறது, மாவுபோல் தூள் வந்தால் தேய்க்கிறது.

அரமும்_ரம்பமும்:
புலி ஐயா சொன்னதில் இது லட்சத்தில் ஒரு வார்த்தை. என் பெயருக்கு ஏற்றபடி கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயினில் ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கு முன்னாலும் சுறா முதுகுபோல் ஒரு சின்ன மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அளவு வைப்பது அதுதான். பெரும்பாலும் பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கும். பல்லைத் தீட்டத் தீட்ட அது உயரம் குறையும், ஆகவே மூன்று நான்கு தீட்டலுக்கு ஒருமுறை தட்டை அரத்தால் மேட்டையும் ஒரு தட்டு தட்ட வேண்டும். 'வேகமாக அறுக்கட்டும்' என்று அதை அதிகமாகத் தேய்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது பல் தன் சக்திக்கு மீறிக் கவ்வும், கிக்பேக் இரட்டிப்பாகப் பிய்த்துக்கொண்டு வரும். அளவு பார்க்கும் தகடு சின்னதாகக் கிடைக்கும், அதை வைத்துப் பார்த்துத் தேயுங்கள். கண்ணளவு வேண்டாம்.

இன்றைக்கு நாம் ஓட்டும் செயினின் பல் வடிவம் ஒரு புழுவிடமிருந்து வந்தது தெரியுமா? ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, 1946இல் விறகு வெட்டும்போது ஒரு வண்டின் புழு மரத்தைக் குடைந்து போவதைப் பார்த்தார். அது நேராகக் கடிக்கவில்லை, இடதும் வலதுமாக மாற்றி மாற்றிச் சுரண்டிக்கொண்டே போனது. அந்தத் தாடையைப் பார்த்துத்தான் இடதுபல் வலதுபல் என்று மாறி மாறி வரும் செயினைச் செய்தார். அதனால்தான் தீட்டும்போது இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் கூர்மையாகிவிட்டால் வெட்டு வளைந்துகொண்டே போகும், பார் சிக்கும்.

புதுக்கை:
ரொம்ப நன்றி எல்லோருக்கும். இரண்டு நாள் கழித்துத் தைரியம் வந்து மறுபடி எடுத்தேன். பிரேக் இரண்டு சோதனையிலும் விழுந்தது. தூள்தான் வருகிறது, சிராய் இல்லை, புலி ஐயா சொன்னதுபோலவே. தீட்டக் கற்றுக்கொள்கிறேன். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்தேன், முழங்கையை நீட்டியதும் வலி போய்விட்டது.

இப்போது வேறு தொல்லை. அடிமரத்தைத் துண்டு போட்டேன். இரண்டு முனையும் மேடு, நடுவில் தரை தொடவில்லை. மேலிருந்து பாதி அறுத்ததும் வெட்டு வாய் மூடிக்கொண்டு பாரைக் கவ்விவிட்டது. இழுத்தும் வரவில்லை. என்ஜினை முறுக்கி இழுக்கலாமா?

மரங்கொத்தி:
வேண்டாம். என்ஜினை அணையுங்கள். வெட்டுக்குள் ஆப்பு அடித்து வாயைத் திறங்கள், அல்லது நெம்புகோல் வைத்து மரத்தைத் தூக்குங்கள். ஆப்பு பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ இருக்கட்டும், இரும்பு ஆப்பில் செயின் பட்டால் பல் தெறிக்கும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பழகிவிட்டால் மரத்தைப் பார்த்ததுமே தெரியும். இரண்டு முனையிலும் தாங்கி நிற்கும் மரம் நடுவில் தொய்யும். தொய்யும்போது மேல்பக்கம் நெருங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. நெருங்கும் பக்கத்தில் வெட்டு மூடிக்கொள்ளும், இழுபடும் பக்கத்தில் திறக்கும். ஆகவே நெருங்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் அறுத்து நிறுத்துங்கள். மிச்சத்தை இழுபடும் பக்கத்திலிருந்து அறுத்து அந்த வெட்டைச் சந்தியுங்கள். உங்கள் மரத்துக்கு, மேலே கொஞ்சம், மீதி கீழிருந்து. ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை காற்றில் நீட்டிக்கொண்டிருந்தால் இதற்கு நேர் எதிர்: கீழே முதலில், பிறகு மேலிருந்து.

கீழிருந்து அறுக்கும்போது பாரின் மேல்பக்கம் வேலை செய்கிறது. அப்போது செயின் மரத்தை உங்களைவிட்டு வெளியே தள்ளும், மரம் நகராதே, ஆகவே மெஷின் உங்களை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். தொடையால் முட்டுக்கொடுத்து நில்லுங்கள். மேலிருந்து அறுத்தால் மறுபுறம், மெஷினை மரத்தோடு இழுத்துக்கொள்ளும், அது சுகம். சரிவில் இருந்தால் எப்போதும் மேட்டுப்பக்கம் நில்லுங்கள். துண்டு உருண்டால் பள்ளத்துக்குத்தான் போகும்.

கிழட்டுப்புலி:
வளைந்து அமுங்கிக் கிடக்கிற இளங்கிளையை மட்டும் சும்மா நினைக்காதே தம்பி. பெரிய மரம் விழும்போது பக்கத்தில் இருக்கிற கொம்பையெல்லாம் வில்லாக வளைத்து அமுக்கிவிடும். கைப்பருமன்தானே என்று ஒரே வெட்டில் போட்டால் வில் அவிழ்ந்ததுபோல் அடிக்கும்.

இதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமலே இருந்திருப்பேன். எனக்கு இடது முழங்காலுக்கு மேலே ஒரு சாண் நீளத் தழும்பு இருக்கிறது. அப்படியொரு கொம்புதான். அது பட்டதும் கால் தடுமாறி மெஷின் தொடைமேல் விழுந்தது. விசையை விட்டுவிட்டேன், ஆனாலும் சுற்றிக்கொண்டிருந்த செயின் போதுமானதாக இருந்தது. கூட இருந்தவன் துண்டை வைத்து அழுத்திக்கொண்டே தூக்கிக்கொண்டு ஓடினான். ஆறு மாதம் வேலை இல்லை. மேலே நான் பேசியது பாதி வீம்பு. கனத்த பேன்ட் அன்று இருந்திருந்தால் மெஷின் அடைத்துப் போயிருக்கும், நான் அடுத்த நாளே வேலைக்குப் போயிருப்பேன். இப்போது என் பையன் ஓட்டுகிறான். அவனுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வெயிலில் புழுங்குகிறது என்று அவன் மூக்கால் அழுகிறான், அது வேறு கதை.

வளைந்த கொம்பை வளைவின் உட்பக்கத்தில் மெல்ல மெல்லச் சுரண்டி இறுக்கத்தை இளக்க வேண்டும். வெளிவளைவில் நேராக வெட்டாதே.

கட்டுத்துணி:
ஐயா, இதை எழுதியதற்கு என் வணக்கம். உங்களோடு இருந்தவர் செய்ததைத்தான் நானும் மேலே எழுதினேன்.

புதுக்கை:
புலி ஐயா, எழுதியதற்கு நன்றி. உடனே பேன்டும் முகவலை போட்ட ஹெல்மெட்டும் வாங்குகிறேன், காதுமூடியும் சேர்த்து.

கடைசியாக ஒன்று. விழுந்த மரம் விழும்போது பக்கத்து மரத்தையும் பாதி சாய்த்துவிட்டது. அது சாய்ந்து, தலை மூன்றாவது மரத்தின் கவட்டில் மாட்டி நிற்கிறது. அடி 40 சென்டிமீட்டர் கனம் இருக்கும். அடியில் அறுத்தால் தானாக இறங்கிவிடாதா? இல்லையென்றால் ஏணி வைத்து மேலே மாட்டிய கிளையை வெட்டலாம் என்று இருக்கிறேன்.

மரங்கொத்தி:
இரண்டும் வேண்டாம். ஏணி கட்டாயம் வேண்டாம். ஏணியில் நின்று ஒரு கை ஏணியையும் ஒரு கை மெஷினையும் பிடிப்பீர்கள், அல்லது வெட்டிய கிளை ஏணியையே தட்டிவிடும். அதோடு, தோள் உயரத்துக்கு மேலே செயின் சா போகவே கூடாது. மேலே தூக்கினால் எகிறும்போது முகத்துக்கு வரும் தூரம் பாதியாகிவிடும், பிடிக்கும் பலமும் இருக்காது.

மாட்டி நிற்கும் மரம் இந்தத் தொழிலில் இருப்பதிலேயே மோசமானது. அதன் கனம் முழுக்க எங்கே தாங்குகிறது, எந்த இழை இழுபடுகிறது என்று கீழே இருந்து தெரியாது. அடியில் அறுத்தால் அடி உங்கள்பக்கம் பின்வாங்கிச் சறுக்கலாம், பக்கவாட்டில் உருளலாம், அப்படியே செங்குத்தாகக் குத்தலாம். அதைத் தாங்கும் மரத்தை அறுக்கலாம் என்றால் இரண்டும் சேர்ந்து உங்கள்மேல் வரும். அதன்மேல் ஏறுவது, அடியில் நிற்பது, இன்னொரு மரத்தை அதன்மேல் சாய்த்துத் தட்டிவிடுவது, மூன்றுமே செய்யக்கூடாதவை.

சாய்ந்த மரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. சாய்ந்த பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டிவிட்டுப் பின்னாலிருந்து அறுக்கும்போது, பாதி வெட்டுக்குள்ளேயே மரம் நெட்டுக்குத்தாகப் பிளந்து, பின்பாதி உயரத் தூக்கி அடிக்கும். எதிரே நிற்கிறவரின் முகவாயை அது சும்மா விடாது. நேராக நிற்கும் மரத்திலேயே வீழ்த்துவது ஒரு தனி வித்தை. விழும் பக்கத்தில் நான்கில் ஒரு பங்கு ஆழத்துக்கு வாய், பின்வெட்டுக்கும் வாய்க்கும் நடுவே கனத்தில் பத்தில் ஒரு பங்கு அறுபடாமல் விட்ட கீல். உங்கள் 40 சென்டிமீட்டருக்கு 4 சென்டிமீட்டர். அந்தக் கீல்தான் மரம் விழும் திசையைப் பிடித்து நடத்தும். அதை முழுக்க அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்கு விழும். தப்பியோடும் வழி விழும் திசைக்கு நேர் பின்னால் அல்ல, பின்பக்கமாகச் சாய்வாக இரண்டு பக்கமும் முன்கூட்டியே கல் கட்டை இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும். சுற்றிலும் மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் நிற்கக்கூடாது. தென்னை, பனை மாதிரி நார் மரங்களில் இந்தக் கீல் கணக்கே ஒழுங்காக வேலை செய்யாது. உங்களுடையது அவ்வளவு நல்ல மரமும் இல்லை, ஏற்கனவே மாட்டிக்கொண்ட மரம். வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சும் கம்பிவடமும் வைத்துத் தூரத்தில் நின்று இழுக்கத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். அதுவரை அதைச் சுற்றிக் கயிறு கட்டி யாரையும் கிட்டே விடாதீர்கள்.

கிழட்டுப்புலி:
இந்த ஒரு விஷயத்தில் நானும் அந்தப் பக்கம்தான் தம்பி. மாட்டிய மரத்தை நான் தொட மாட்டேன்.

நிழல்தேடி:
நான் ஏணியில் நின்று அறுத்திருக்கிறேன். ஒருமுறை அல்ல. இதை வாசித்துவிட்டுக் கம்பில் பொருத்தும் கை ரம்பம் வாங்கப் போகிறேன்.

புதுக்கை:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஆள்கள் வந்தார்கள், மூன்று பேர். மரத்தை ஒரு சுற்று பார்க்கவே அரைமணி எடுத்துக்கொண்டார்கள், நான் என்னமோ உடனே ஆரம்பிப்பார்கள் என்று நின்றிருந்தேன். மரத்தில் பழைய ஆணி ஒன்று இருந்ததையும் கண்டுபிடித்துச் சுண்ணாம்பால் வட்டம் போட்டுவைத்தார்கள். அடியில் வடம் கட்டி, ரொம்பத் தூரத்தில் வின்ச் வைத்து, பின்பக்கமாக மெல்ல இழுத்தார்கள். அடி கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கி வந்தது. பாதியில் 'மடேர்' என்று மேலிருந்து ஒரு காய்ந்த கிளை, நான் ஏணி போட நினைத்த இடத்திலேயே விழுந்தது. படம் எடுக்கவில்லை, எடுக்கும் மனநிலை இல்லை.

இப்போது இரண்டு மரமும் தரையில். துண்டு போடுவது என் வேலை. பெட்ரோல் ஊற்றியதும் அங்கேயே ஸ்டார்ட் செய்வதை விட்டுவிட்டேன், மூன்று மீட்டராவது தள்ளிப் போய், பிரேக்கைப் போட்டு, தரையில் வைத்து, பின்கைப்பிடிக்குள் பூட்ஸ் நுனியை வைத்து மிதித்துக்கொண்டுதான் கயிறு இழுக்கிறேன். முன்பெல்லாம் கையில் தொங்கவிட்டு இழுப்பேன்.

அரமும்_ரம்பமும் அண்ணா, செயினுக்கு எந்த அரம்? கடையில் நான்கைந்து கனம் வைத்திருக்கிறார்கள். செயினில் இருந்த எண் தேய்ந்துபோய்விட்டது.

அரமும்_ரம்பமும்:
செயின் கண்ணிகளைக் கோக்கும் ஆணிகள்தான் ரிவெட்டு. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து இரண்டால் வகுங்கள். அதுதான் செயினின் பிட்ச். 8.25 மில்லிமீட்டர் வந்தால் 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். 9.3 வந்து பல் குட்டையாக, மெல்லியதாக இருந்தால் 4.0. அதே 9.3 வந்து பல் கனமாக இருந்தால் 5.2 அல்லது 5.5, உங்கள் செயினோடு வந்த தாளில் எது என்று இருக்கும். 16 அங்குல பாருக்குப் பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அரத்தைத் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், திரும்பி இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். பல்லின் மேல்தட்டில் சாய்வாக ஒரு கோடு கீறியிருக்கும், அந்தக் கோட்டோடு அரம் இணையாக இருந்தால் கோணம் சரி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். செயின் நின்றிருந்தாலும் பல் பல்தான்.

புதுக்கை:
8.2 வருகிறது. 4.8 வாங்கிவிட்டேன். இன்று முதல் துண்டிலேயே சிராய் வந்தது.

கிழட்டுப்புலி:
எவ்வளவு நீளம்?

புதுக்கை:
சுண்டுவிரல் நகம் அளவு, ஐயா.

கிழட்டுப்புலி:
பரவாயில்லை. எண்ணெய் வருகிறதா பார். வெள்ளையான கட்டை மேல் மூக்கைக் காட்டி, தொடாமல் முறுக்கு. கோடு விழ வேண்டும்.